அமுங்கும் டெக்: ஊசி போடுவதா, மேலிருந்து திறப்பதா, கீழிருந்தா?

ஒன்ராறியோ ஏரிக்கரை மெரினாக்களில், அதாவது படகுத்துறைகளில், விற்பனைக்கு நிற்கும் பாய்ப்படகுகளில் நிறைய 1970களிலும் 80களிலும் கட்டியவை. 25 முதல் 30 அடி நீளம், ஃபைபர்கிளாஸ் உடல், விலை பல நேரம் ஒரு பழைய காரின் விலைதான். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு புளஃபர்ஸ் பார்க் மெரினா பக்கத்திலேயே இருப்பதால், ஒன்று வாங்கித்தான் பார்ப்போமே என்ற ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. வாங்கிய கையோடு எஞ்சினைப் பற்றியும் பாய்களைப் பற்றியும் கவலைப்படுவோம். ஆனால் முன்பக்கம் நடந்து போகும்போது காலுக்குக் கீழே டெக், அதாவது படகின் மேல்தளம், மெல்ல அமுங்கினால், முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

அமுங்கும் டெக்குக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. அப்படியே விடலாம். துளை போட்டு எபொக்ஸி என்ற இறுகும் பிசினை ஊசியால் ஏற்றலாம். மேலிருந்து வெட்டித் திறக்கலாம். கேபினுக்குள் மல்லாந்து படுத்துக் கீழிருந்து திறக்கலாம். அல்லது படகு திருத்தும் யார்டிடம் கொடுத்துப் பணத்தைக் கட்டலாம். என் பக்கச்சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வயதுப் படகுகளுக்கு, பாரம் ஏறும் இடங்களை மேலிருந்து திறப்பதும் மற்ற இடங்களைத் தொடாமல் விடுவதும்தான் சரி. ஊசி எல்லோரும் முதலில் ஆசைப்படும் வழி; பெரும்பாலும் வீண்.

டெக் முழுக்க முழுக்க ஃபைபர்கிளாஸ் இல்லை. மேலே ஒரு கண்ணாடியிழைத் தோல், கீழே அதைவிட மெல்லிய இன்னொரு தோல், நடுவில் அரை அங்குலம் அளவில் பால்சா என்ற இலேசான மரம். பால்சாவை நார் நிமிர்ந்து நிற்கும்படி குறுக்கே வெட்டி, சிறு சிறு கட்டைகளாகப் பதித்திருப்பார்கள். இரண்டு தோலையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டோடும் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் அந்த மரத்தின் வேலை. ஒட்டு விட்டுப் போனாலோ மரம் உக்கிப் போனாலோ விறைப்பு போய்விடும்; தோல்கள் இரண்டும் முழுசாக இருந்தாலும் டெக் அமுங்கும்.

இந்த ஏரிக்கும் பால்சாவுக்கும் பழைய உறவு. 1966இல் இந்தக் கரையிலேயே எரிக் புருக்மன் என்ற கட்டுநர் கட்டிய 40 அடி ‘ரெட் ஜாக்கெட்’ நடுவில் பால்சா வைத்த உடலோடு வந்த பந்தயப் படகு. 1968இல் புளோரிடாவின் சதர்ன் ஓஷன் ரேசிங் கொன்ஃபரன்ஸ் தொடரை வென்றது. அமெரிக்கர் அல்லாத ஒரு படகு அதை வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் புருக்மன், ஹின்டர்ஹொலர் போன்ற கட்டுநர்களும் கத்பர்ட்சன், காசியன் என்ற இரு வடிவமைப்பாளர்களும் சேர்ந்து சி அண்ட் சி நிறுவனமானார்கள். இலேசான, விறைப்பான படகு வேண்டுமென்றால் பால்சா நல்ல தேர்வுதான். இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பழி மரத்தின் மேல் இல்லை, அதற்குள் போட்ட துளைகள் மேல்.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒவ்வொரு வின்ச்சும், ஸ்டான்ஷன் என்கிற ஓரத் தூணின் ஒவ்வொரு பாதமும், ஜன்னல் சட்டமும் போல்ட்டால்தான் டெக்கில் நிற்கின்றன. போல்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் சீலன்ட் பசை சில வருடங்களில் காய்ந்து விலகும். படகுக்கு ஐந்தாறு உரிமையாளர்கள் மாறியிருப்பார்கள். ஆளாளுக்குத் தங்கள் பங்குக்கு இரண்டு துளை போட்டிருப்பார்கள். மழைநீர் துளைக்குள் இறங்கி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். விளம்பரத்தில் ‘நன்னீர்ப் படகு’ என்று பெருமையாகப் போடுகிறார்களே, அது உலோகத்துக்கு நல்ல செய்தி, அரிப்புக் குறைவு. மரத்துக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. மரத்தை உக்க வைப்பதே நன்னீர்தான். போதாததற்கு இங்கே பனிக்காலம் வேறு. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். ஈரம் குடித்த மரம் ஒவ்வொரு மார்கழியிலும் உறைந்து, பங்குனியில் இளகி, ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிவிடும்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலை எடுத்து டெக் முழுவதும் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகப் பதில் சொல்லும். கெட்ட இடம் ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். எல்லையை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். தட்டினால் மட்டும் போதாது: மரம் நனைந்திருந்தும் ஒட்டு இன்னும் விடாத இடம் நல்ல சத்தமே கொடுக்கும். அதற்கு ஈரமானி வேண்டும். கடைசிச் சோதனைதான் நம்பகமானது. கேபினுக்குள்ளிருந்து கீழ்த்தோலை மட்டும் தாண்டும்படி சிறு துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, உலர்ந்து வந்தால் மரம் நலம். பழுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்தோடு வந்தால் அங்கே மரம் என்று ஒன்று இல்லை. துளையைக் கீழிருந்து போடுவதால் மழை அதற்குள் இறங்காது, பிறகு எளிதாக அடைத்துவிடலாம்.

இப்போது ஊசிக்கு வருவோம். மேல்தோலில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் போட்டு, உள்ளே உலரவிட்டு, நீர்த்த எபொக்ஸியை ஏற்றி அடைப்பது. கேட்பதற்கு ஒரு சனி ஞாயிறு வேலை மாதிரி இருக்கும். ஆசை வருவதற்குக் காரணமும் அதுதான். இங்கே படகுகள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தண்ணீரில் இறங்கி ஒக்டோபரில் மேலேறிவிடும். அந்தக் குறுகிய கோடையில் ஒரு வாரத்தைக்கூட ராவுத்தாளுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

கணக்குப் போட்டால் வேறு படம் தெரிகிறது. 25 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1,600 துளை. பால்சாவின் நார் நிமிர்ந்து நிற்பதால் தண்ணீர் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும், அது அந்த மரத்தின் நல்ல குணம். அதே குணம் எபொக்ஸியையும் பரவவிடாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் ஊறும், இடையில் இருப்பது இருந்தபடியே இருக்கும். உலரவிடுவது அதைவிடக் கடினம். இரண்டு தோலுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஈரத்துக்கு வெளியேற வழி அந்தச் சிறு துளைகள்தான்; வெப்பவிளக்கும் வெற்றிடப் பம்பும் வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தாலும் நடு ஈரம் போகாது. அசிட்டோன் ஊற்றி உலர்த்தலாம் என்பவர்கள் உண்டு. மூடிய இடத்தில் எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஊற்றச் சொல்லும் யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈரமான, உக்கிய மரத்தில் எபொக்ஸி பிடிக்காது. அப்புறம், மேலே வழுக்காத தளம் இருந்ததே, அது 1,600 துளையோடு எப்படியும் பாழ். இவ்வளவும் செய்து இரண்டு வருடத்தில் மறுபடி அமுங்கினால், திறக்கலாம் என்று பார்த்தால் தோலும் மரமும் அங்கங்கே எபொக்ஸிக் கட்டியாக இறுகிக் கிடக்கும். அதைப் பெயர்ப்பது முதலிலேயே திறப்பதைவிட இரட்டிப்பு வேலை.

ஊசி சரியாக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. மரம் உலர்ந்திருந்து ஒட்டு மட்டும் விட்டுப்போன சிறிய இடம், அல்லது நடுவில் மரத்துக்குப் பதில் நுரைப் பலகை வைத்த படகில் தோல் கிளம்பிய இடம். தூளில் ஈரமே இல்லை என்று பார்த்துவிட்டு, உள்ளங்கை அளவு இடத்துக்கு இதைச் செய்யலாம்.

மேலிருந்து திறப்பதில் பயமுறுத்துவது முதல் வெட்டுதான். நல்ல டெக்கின் மேல் ரம்பத்தை வைக்கக் கை வராது. முறை என்னவென்றால், வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிப்புக்கு மட்டும் வைத்து, குறித்த எல்லையைச் சுற்றி வெட்டி, தோலை ஒரு மூடியாகப் பெயர்த்து எடுப்பது. கீழ்த்தோலில் கீறல்கூடப் படக்கூடாது. டெக்கின் வளைவைக் காப்பாற்றும் அச்சு இனி அதுதான். வெட்டும் கோட்டை எங்கே போடுவது என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். பெரும்பாலான படகுகளில் வழுக்காத சொரசொரப்புப் பகுதிகளும், அவற்றுக்கு இடையே ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு மட்டும் உள்ள வழுவழுப்பான பட்டைகளும் இருக்கும். சொரசொரப்புப் பகுதியின் விளிம்புக்குள்ளேயே வெட்டி, இணைப்பும் அங்கேயே முடியும்படி இடம் விட்டால், பட்டைகள் தொடப்படாமல் இருக்கும். கடைசியில் அந்தப் பகுதிக்கு மட்டும் வழுக்காத பெயின்ட் உருட்டினால் வெட்டின தடம் தெரியாது.

உக்கிய மரம் உளியும் சுரண்டியும் வைத்தால் சேறு மாதிரி வரும். எல்லைக்குப் போகப் போக மரம் கடினமாகும். உலர்ந்த நல்ல மரம் வரும்வரை வெட்டை விரிக்க வேண்டும். இங்கே சோம்பல்பட்டு நனைந்த ஓரத்தை விட்டுவிட்டால் உக்கல் அங்கிருந்து மறுபடி தொடங்கும். திறந்த பிறகு உலர்த்துவது சுலபம். வெயிலும் ஒரு மின்விசிறியும் மழைக்கு ஒரு கூடாரமும் போதும். புதிய பால்சாவை முதலில் வெறும் எபொக்ஸியால் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது பசையிலுள்ள எபொக்ஸியை உறிஞ்சிக்கொண்டு ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். பிறகு தடிப்பாக்கிய எபொக்ஸிப் பசையில் அதைப் பதித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் வாளிகளை வைத்து அமர்த்த வேண்டும். பழைய மூடியையே திரும்ப ஒட்டலாம். அதில் சில சிறு துளைகள் போட்டு வைத்தால் காற்று வெளியேறும், துளை வழியே பசை கசிந்தால் அங்கே முழுதாகப் படிந்துவிட்டது என்று தெரியும். கடைசியில் இணைப்பின் இரு பக்கமும் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவைக் கண்ணாடியிழைத் துணியால் நிரப்ப வேண்டும். சரிவுக்குத் தடிப்பைப்போல் 12 மடங்கு என்பது நல்ல அளவு: 3 மில்லிமீட்டர் தோலுக்குப் பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர்.

இந்த வழியில் புவியீர்ப்பு உங்கள் கட்சி. எபொக்ஸி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும்; மரம் தானாக அமரும்; செய்தது சரியா என்று கண்ணால் பார்க்கலாம். அதற்கான விலை கடைசியில் வரும். மட்டம் பார்த்து நிரப்புவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று மொத்த உழைப்பில் பாதிக்கு மேல் அழகுக்கே போகும். படகு பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு இது பாதி வேலைதான்.

கீழிருந்து திறப்பவர்கள் இந்த அழகுவேலையைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறார்கள். டெக்கின் மேல்முகம் தொடப்படாது, கீழே ஆகிற அசிங்கத்தை உட்கூரைத் துணியால் மறைத்துவிடலாம். மேலே தேக்குப் பலகை பதித்த டெக் என்றால் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் எல்லாமே தலைக்கு மேல் நடக்கும். கண்ணாடியிழைத் தூசி கழுத்துக்குள் இறங்கும், எபொக்ஸி முழங்கை வழியே வடியும், மரத்தை மேலே ஒட்டிக் கட்டைகளால் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் அந்தச் சின்னக் கேபினுக்குள் தலையை நீட்டாதீர்கள். மரம் எடுத்த பிறகு மிஞ்சுவது மேல்தோல் மட்டும் என்பதால், அந்த நாட்களில் மேலே யாரும் ஏறவும் கூடாது. நிறையப் படகுகளில் உட்கூரை துணியாக இல்லாமல் அச்சில் வார்த்த இன்னொரு ஃபைபர்கிளாஸ் ஓடாக இருக்கும். அதையும் வெட்ட வேண்டியிருந்தால் இந்த வழியின் லாபமே போய்விடுகிறது. ஒரு தூணின் பாதத்தைச் சுற்றி ஓரடி, முன்கேபின் படுக்கைக்கு மேலே துணி கழற்றக்கூடிய இடம், இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன்.

அப்படியே விடுவது என்றதும் பலருக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது, தேவையில்லை. கேபின் கூரையின் நடுவில், எந்தக் கயிறும் கம்பியும் இழுக்காத இடத்தில், இரண்டு கை அகலத்துக்கு ஈரம் என்றால் அதனால் படகு மூழ்காது. தண்ணீர் வரும் வாசலை அடைத்துவிட்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் தட்டிப் பார்த்து, எல்லை நகர்கிறதா என்று பாருங்கள். பாய்மரத்தின் அடியிலும், பாய்மரக் கம்பிகள் வந்து இறங்கும் செயின்பிளேட்டைச் சுற்றியும், வின்ச்சுக்குக் கீழும் இந்தத் தாராளம் கூடாது. ஓரத் தூண்களின் பாதமும் அந்தக் கணக்கில்தான் சேரும், அலையில் ஒரு ஆள் முழுப் பாரத்தோடு சாய்வது அதன்மேல்தான். காப்புறுதி இன்னொரு கேள்வி. பழைய படகுகளுக்கு நிறுவனங்கள் ஆய்வாளரின் அறிக்கை கேட்பது வழக்கம். ஈரம் என்று அதில் எழுதப்பட்டுவிட்டால் விட்டுவைப்பது உங்கள் கையில் மட்டும் இருக்காது.

யார்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொருளின் விலை சிறியது, கூலிதான் பில். டெக்கில் பாதியைத் திறந்து மூட ஒரு யார்ட் கேட்கும் தொகை, சில ஆயிரம் டொலருக்கு வாங்கிய படகின் விலையைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் பாய்மரம் டெக்கின் மேலேயே நிற்கும் படகில் அதன் அடி அமுங்கியிருந்தாலோ, செயின்பிளேட் பூட்டியிருக்கும் உள்தடுப்புச் சுவரும் சேர்ந்து உக்கியிருந்தாலோ, முதலில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நடுவழியும் உண்டு: திறப்பதும் சுரண்டுவதும் பெயின்டும் நீங்கள், கண்ணாடியிழை ஒட்டுவது மட்டும் கூலிக்கு ஆள். வெளியாளுக்குப் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என்று மெரினா சொல்லலாம், தேய்ப்பதற்கும் விதி வைத்திருக்கலாம். முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிசினில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பொலியெஸ்டர் மலிவு, படகையே அதில்தான் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் பழைய, இறுகிய ஃபைபர்கிளாஸின் மேல் அது எபொக்ஸி அளவுக்குப் பிடிக்காது. திருத்த வேலை முழுவதும் பழையதின் மேல் புதியதை ஒட்டுவதுதான். எபொக்ஸி எடுத்தால் துணியையும் பார்த்து வாங்குங்கள்: சாதாரண வெட்டிழை விரிப்பைப் பிணைக்கும் பசை பொலியெஸ்டரில் கரையும், எபொக்ஸியில் கரையாது, துணி விறைத்துக்கொண்டு வளையாது. தைத்த இருதிசைத் துணி நல்லது. நடுப்பொருளுக்குப் பால்சாவா நுரைப் பலகையா என்ற சண்டையில் நான் பால்சா பக்கம். பழையதோடு தடிப்பும் விறைப்பும் ஒத்துப்போகும். பிளைவுட் வேண்டாம், அதன் அடுக்குகளின் வழியே தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். வின்ச் வரும் இடத்தில் மட்டும் மரமே வைக்காமல் கண்ணாடியிழை அடுக்குகளால் கெட்டியாக நிரப்பிவிடலாம். ஒரே தடவையில் தடிப்பாக ஊற்றினால் எபொக்ஸி கொதித்துப் புகையும், அடுக்கடுக்காகத்தான்.

எந்த மாதம் என்பதும் தேர்வில் சேர்த்தி. மிச்சிகனின் பே சிட்டியில் செய்யும் வெஸ்ட் சிஸ்டம் எபொக்ஸியை எடுத்துக்கொண்டால், அதை இறுக வைக்கக் கலக்கும் 205 என்ற வேகமான ஹார்டனர் 4 பாகை செல்சியஸ் வரை இறுகும். மெதுவான 206க்குக் குறைந்தது 16 பாகை வேண்டும். மே மாத இரவுகள் அந்த 16ஐத் தொடுவதில்லை. 205ஐ எடுத்தால் சாதாரண அறை வெப்பத்தில் கோப்பையில் பத்து நிமிடம்போலத்தான் தாங்கும், அதற்குள் பெரிய பரப்பில் பதித்து முடிக்க முடியாது. டெக் வேலைக்குப் படகு தரையில் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கோடையில் மிதந்தபடியே, ஒரு பகுதியை மட்டும் திறந்து மூடலாம், மெரினா சம்மதித்தால். பருவம் முழுவதையும் இழக்காமல் இருக்க, வருடத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு: இந்த வருடம் இடதுபக்க நடைபாதை, அடுத்த வருடம் முன்பக்கம்.

ஐந்தில் எதை எடுத்தாலும் ஒரு வேலை பொது. டெக்கில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டிச் சுற்றியுள்ள மரத்தைக் குடைந்தெடுத்து, தடிப்பான எபொக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் புதிய துளை போட வேண்டும். இனி சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் கேபினுக்குள் சொட்டுமே தவிர மரத்தைத் தொடாது. சொட்டுவது நல்லது, தெரிந்துவிடும். திரும்பப் பூட்டும்போது சீலன்டாகப் பியூட்டில் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவை வையுங்கள். வருடக்கணக்கில் இளகியே இருக்கும், கழற்றவும் முடியும். 3எம் நிறுவனத்தின் 5200 போன்ற நிரந்தரப் பசைகளை டெக் உபகரணங்களுக்குப் போட்டால் அடுத்த தடவை கழற்றும்போது ஜெல்கோட்டும் கூடவே வரும். சிலிக்கன் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய்ப்பிசுக்கின் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. கையுறை மட்டும் மறக்காதீர்கள். எபொக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பிறகு அதன் பக்கமே போக முடியாமல் போகலாம்.